தன்னையே எடைக்கல்லாக வைத்தவர்

மார்க்கெட் தெருவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. தராசு ரிப்பேர் கடைக்காரர் செல்போனில் ஒரு சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாராம். லட்சக்கணக்கான பேர் ஆடும் ஆட்டம். முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெயர்கூட எல்லாம் பொய்ப்பெயர். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், நடக்கிற நடையை வைத்தே தன் பெண்டாட்டியை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாராம். கண்டுபிடித்த இடத்திலேயே துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நாலு நிமிஷம் நின்று அழுதாராம். மீன்கடையில் கேட்டால் இத்தோடு முடியும். சலூனில் கேட்டால் கம்பெனி முதலாளியும் சேர்ந்து அழுதான் என்பார்கள். சலூனில் எதையும் கொஞ்சம் கூடவே வெட்டுவார்கள்.

நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் முழுசாக இருக்கிறது. உட்கார்ந்து கேளுங்கள்.

ஆளுக்கு வயது ஐம்பத்திரண்டு. தெருவில் எல்லாரும் அவரை 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி ஏறிப் போனால் முதல் கதவு அவர் கடை, அடுத்த கதவு வீடு. ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவர் முழுக்க வயிறு திறந்து கிடக்கும் தராசுகள். மேஜை இழுப்பறையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெல்வெட் துணியில் குழி குழியாகப் பதித்து வைத்த ஸ்டாண்டர்ட் கற்கள். ஒரு கிராமிலிருந்து ஐந்து கிலோ வரை. கையால் தொடமாட்டார். கையில் வியர்வை இருக்கும், வியர்வைக்கும் எடை உண்டு என்பார். இடுக்கியால்தான் எடுப்பார், பெரிய கல் என்றால் கையுறை போட்டு. கல்யாண ஆல்பத்தைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. எந்த நோயாளியை எந்த டாக்டரிடம் அனுப்புவது, யாரை இன்னும் பத்து நிமிஷம் உட்காரவைப்பது, எல்லாம் அவர் கையில். அவருக்கு ஒரு தம்பி. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதனால் பெயரும் ஜெராக்ஸ். சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்.

இந்த ஜெராக்ஸ்தான் வினையைக் கொண்டுவந்தவர். ஒருநாள் சாயங்காலம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் புலம்பினார்.

"ஆறு மாசமா ஆடறேன் மாமா. பாதி ஜெயிக்கறேன், பாதி தோக்கறேன். ஒரு வாரம் வெறி பிடிச்ச மாதிரி ஜெயிச்சா அடுத்த வாரம் பூதம் பூதமா எதிர்ல அனுப்பறான். என்னை முன்னேறவே விடக் கூடாதுன்னு எவனோ உக்காந்து வேலை பாக்கறான்."

"எவன்?" என்றார் கிராம்.

"எவனும் இல்ல, கம்ப்யூட்டர்தான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ரேட்டிங் இருக்கு. ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும். நம்மைவிடப் பெரியவனை அடிச்சா நிறைய ஏறும். சோப்ளாங்கியை அடிச்சா ஒண்ணோ ரெண்டோ பிச்சை போடுவான். அந்தச் சோப்ளாங்கி நம்மை அடிச்சுட்டான்னு வெச்சுக்கோங்க, மானத்தோட பாயிண்ட்டும் கொத்தா போயிடும்."

"சரி. யார் யாரோட மோதணும்னு எப்படி முடிவு பண்றான்?"

"இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். ரெண்டு பக்கத்து ரேட்டிங்கும் சமமா வர்ற வரைக்கும் ஆளை மாத்தி மாத்திப் போடுவான்."

கிராமின் கை சாப்பாட்டில் நின்றுவிட்டது. மனைவிக்கு அந்த முகம் தெரியும். புதுசாக ஒரு தராசு கடைக்கு வந்தால்தான் அந்த முகம் வரும்.

"டேய் மாப்ள, இது தராசுடா! ரெண்டு தட்டு. முள்ளு நடுவுல நிக்கற வரைக்கும் கல்லை மாத்திட்டே இருக்கான். நீ நல்லா ஆட ஆட எதிர்த்தட்டுல பெரிய கல்லா வெப்பான். பாதி ஜெயிக்கறேன், பாதி தோக்கறேன்னு அழறியே, அதுக்கு என்ன அர்த்தம்? தராசு சரியா இருக்குன்னு அர்த்தம்."

"எனக்கு சந்தோஷமா இல்லையே மாமா."

"தட்டுல வெச்ச வெங்காயத்துக்கு சந்தோஷமா இருக்கா?" என்று கேட்ட கிராம், அடுத்த கேள்வியைக் கேட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். "ஆமா, இந்தத் தராசை யார் செக் பண்ணினது? முத்திரை எங்க?"

ஜெராக்ஸ் தலையைச் சொறிந்தார். அப்படி ஒரு கேள்வியை அந்த விளையாட்டு ஆடும் லட்சம் பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

மறுநாளே கிராம் தன் போனில் அதை ஏற்றச் சொன்னார். கோட்டையைப் பிடிக்கும் ஆட்டம். ஓட வேண்டும், சுட வேண்டும், கூட்டாளியைக் காப்பாற்ற வேண்டும். அது எதுவும் கிராமுக்கு வேண்டாம். தராசைச் சோதிப்பதற்கு ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். எடை மாறாத ஒரு கல்லைத் திரும்பத் திரும்பத் தட்டில் வை. எண் ஒரே மாதிரி காட்டினால் தராசு நல்லது. இந்தத் தராசில் மனுஷனைத்தான் வைக்க முடியும் என்பதால், தானே கல்லாகிவிடுவது என்று முடிவு செய்தார்.

கல் என்றால் கல்தான். தினமும் சாயங்காலம் ஏழு பத்துக்கு அதே நாற்காலி, அதே டீ, அதே கட்டைவிரல். நாலு ஆட்டம். வாசலிலிருந்து இடது பக்கம், இரண்டு பீப்பாய்களுக்குப் பின்னால், ஏணி ஏறி ஜன்னல், மூன்று குண்டு, இருபது வரை எண்ணுவது, இறங்குவது. மறுபடியும் முதலிலிருந்து. எதிரி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினாலும் இருபது எண்ணி முடிக்காமல் இறங்கமாட்டார். கூட்டாளிகள் போனுக்குள்ளிருந்து கத்துவார்கள்: "அண்ணே, உயிரோட இருக்கியா? பின்னாடி பாருண்ணே!" கிராம் சத்தத்தை அணைத்துவிட்டார். கல்லுக்குக் காது கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஜெராக்ஸுக்குத்தான் நெஞ்சு வலித்தது.

"மாமா, கொஞ்சம் வலது பக்கம் திரும்பினா போதும், ஜெயிச்சுடலாம்."

"கல்லு திரும்பாது."

"கத்துக்கிட்டா என்ன மாமா குறைஞ்சு போகும்?"

"கத்துக்கிட்டா எடை கூடிடும்டா. அப்புறம் தராசு மாறுச்சா, கல்லு மாறுச்சான்னு எப்படிச் சொல்றது?"

கை தானாகத் தேறிவிடுமோ என்றுதான் அவருக்குப் பயம். குறி தவறி ஒரு குண்டு எதிரி மேல் பட்டுவிட்டால் அன்றைக்கு முகமே சரியில்லாமல் இருப்பார். ஒவ்வொரு ஆட்டமும் நோட்டில் ஏறியது: நாள், ஆட்டம், முடிவு, ரேட்டிங். 1200-இல் ஆரம்பித்த எண் சரசரவென்று இறங்கி, 1137-இல் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு மேலே, பன்னிரண்டு கீழே. அதைத் தாண்டி அசையவில்லை.

"அற்புதம்" என்றார் கிராம், மனைவியிடம் நோட்டைக் காட்டி. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மா அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

எண்பத்தேழாவது நாள் நாலு ஆட்டமும் முடிந்தபோது திரை சிவப்பாகிவிட்டது. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. காரணம்: மனிதர் அல்லாத ஆட்டம். முறைகேட்டுக் கருவி பயன்படுத்தப்பட்டிருக்கலாம்.'

ஜெராக்ஸ் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, மெஷின் உங்களைப் பாத்து 'நம்ம ஆளு'ன்னு சொல்லுது!"

கிராம் சிரிக்கவில்லை. "முறைகேடா? நானா?"

மறுநாள் காலை, மேல்முறையீடு எழுதுவதற்காக அந்த அறிவிப்பை ஜெராக்ஸ் தன் கடையில் பிரிண்ட் எடுத்தார். பழக்க தோஷத்தில் அதற்கு ஒரு நகலும் எடுத்தார். நகலை மடித்து மாமாவிடம் கொடுத்தார். ஒரிஜினலை மெஷின் கண்ணாடி மேலேயே மறந்துவிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஊருக்கெல்லாம் சொல்வது 'ஒரிஜினலை எடுத்துக்கோங்க' என்பதுதான். அடுத்து வந்தது மீன்காரம்மா, அடையாள அட்டை நகல் எடுக்க. மூடியைத் தூக்கினார், வாசித்தார். அட்டையைக் கொடுக்காமலே கிளம்பிப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது. கிராம் ஏதோ கள்ள மெஷினை மாட்டி ஏமாற்றியிருக்கிறார், வெளிநாட்டுக் கம்பெனியே எழுத்தில் கொடுத்துவிட்டது. விளையாட்டில் ஏமாற்றினால் என்ன என்று விட்டுவிடலாம், ஆள் டெய்லராக இருந்தால். தராசுக்காரர் அல்லவா! அவர் வைத்த முத்திரையை நம்பித்தான் அந்த மார்க்கெட்டில் அறுபத்திரண்டு தராசும் ஓடுகின்றன. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மாடியேறி வந்து, ரிப்பேருக்குக் கொடுத்த தராசைத் திறந்த வயிற்றோடேயே தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாவதாக வந்த காய்கறிக்காரர் நின்று யோசித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத கிராம், சனிக்கிழமை கூட்டம் முடியட்டும்" என்றார்.

சனிக்கிழமைதான் வியாபாரிகள் சங்கக் கூட்டம். மார்க்கெட் தராசுகளை வருஷம் முழுக்க யார் பார்ப்பது என்று அங்கேதான் முடிவாகும். பத்தொன்பது வருஷமாக அது கிராம்தான். யாரும் கேள்விகூட கேட்டதில்லை. இந்த வருஷம் செல்போன் கவர் விற்கும் கடைக்காரர் 'எனக்கும் தராசு பாக்கத் தெரியும்' என்று கிளம்பியிருந்தார். தராசுக்குப் பேட்டரி மாற்றத் தெரியும் அவருக்கு. அவ்வளவுதான். இந்தப் பேர் போய்விட்டால் கிராமுக்கு வேறு வேலை கிடையாது, வேறு பேரும் கிடையாது.

அன்றே மேல்முறையீடு போனது. 'நீங்கள் மனிதர் என்பதற்கான ஆதாரத்தை இணைக்கவும்' என்று படிவம் கேட்டது. கிராம் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அனுப்பினார். கையில் ஐந்து கிலோ கல்லோடு கடை வாசலில் நின்று ஒரு போட்டோவும் அனுப்பினார். கையுறை போட்டுத்தான்.

வியாழக்கிழமை பதில் வந்தது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சத்தமாகப் படித்தார்:

"'அன்புள்ள விளையாட்டாளரே, உங்கள் 348 ஆட்டங்களில் 347 ஆட்டங்கள் ஒரே மாதிரி உள்ளன. எந்த மனிதரும் இவ்வாறு ஆடுவதில்லை. இந்தப் பதில் தானாக உருவாக்கப்பட்டது.'"

"பாத்தியா? மெஷின் எழுதியிருக்கு நான் மெஷின்னு" என்றார் கிராம்.

அந்த அம்மா நோட்டை எடுத்து எண்ணினார். டோக்கன் எண்ணிப் பழகிய விரல், தவறாது. "என்னங்க, நோட்டுல முந்நூத்தி நாப்பத்தேழுதான் இருக்கு."

கிராம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அந்த மிச்சம் ஒண்ணு எங்க?"

"விடு. அது கெட்ட ரீடிங்."

"கெட்ட ரீடிங்னா எழுதிட்டு அடிச்சிருக்கணும். நீங்க தாளையே கிழிச்சிருக்கீங்க." நோட்டின் நடுத்தையலில் ஒரு சின்ன பல்வரிசை மாதிரி காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. பழைய பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் வைத்திருக்கும் மனுஷர்!

ஜெராக்ஸ் மெதுவாக, "மாமா, அந்த ஒரு ஆட்டத்துலதான் நீங்க மனுஷன் மாதிரி ஆடியிருக்கீங்க போல" என்றார்.

கிராம் எழுந்து பக்கத்துக் கதவைத் திறந்து கடைக்குள் போனார். மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். இருநூறு கிராம் கல்லை இடுக்கியால் தூக்கினார். குழிக்குள் எட்டாக மடித்த தாள் இருந்தது. மனைவி பிரித்துப் படித்தார்.

"'நாள் 41. ஆட்டம் 164. ஏணிக்குப் போகும் வழியில் நம் அணி ஆள் ஒன்று சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. திரும்பத் தெரியவில்லை. விட்டுப் போக முடியவில்லை. முன்னால் குதித்துக் குதித்துக் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்தேன். 3 நிமிஷம் 40 விநாடி. இருவரும் சுடப்பட்டோம். 11 புள்ளி குறைவு. இந்த ஆட்டம் சேர்த்தி இல்லை.'"

படித்து முடித்த அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அந்த ஆள் பேர் என்ன போட்டிருந்தது?"

"ஞாபகம் இல்ல. பச்சை டோக்கனோ என்னமோ."

"பச்சை டோக்கன் நான்தாங்க!"

ஜெராக்ஸ் வாயில் வைத்த உருண்டையை விழுங்க மறந்தார்.

விஷயம் இதுதான். தினமும் ஏழு பத்துக்கு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, அந்த அம்மாவும் சத்தம் போடாமல் தன் போனில் விளையாட்டை ஏற்றியிருக்கிறார். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முதல் ஆட்டம். பதினைந்து அடி தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன்.

"அத்தனை பேர்ல உங்க ரெண்டு பேரையும் எப்படிக்கா ஒரே அணியில போட்டான்?"

"இதுல என்னடா அதிசயம்? எங்க ஆஸ்பத்திரியிலயும் அதேதான். புதுசா வர்றவங்களுக்கு என்ன வியாதின்னு தெரியாது, நடுவுல ஒரு டாக்டர்கிட்ட அனுப்புவோம். இவனும் புதுசா வந்த எனக்கு ஆயிரத்து இருநூறுன்னு குத்துமதிப்பா போட்டான். இவர் ரேட்டிங்கும் அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. அந்த நேரத்துல கூட்டமும் கம்மி. ஒருத்தரை ரொம்ப நேரம் உக்காரவெச்சா கத்துவாங்கன்னு, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சேர்த்துத் தள்ளிவிட்டுடறான்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "அந்த மனுஷன் என் முன்னாடி நின்னு குதிச்சுக் குதிச்சுக் கூப்பிட்டானே! அவனை நான் ஆறு வாரமா ரொம்ப நல்லவன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப யோசிக்கணும்."

"நீ இப்ப எவ்வளவு?" என்றார் கிராம் சந்தேகத்தோடு.

"ஆயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு."

ஜெராக்ஸ் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஒன்பது மாசமாக ஆடியும் 1290-இல் கிடந்தவர்.

தாளைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை மதியம் வரை பதில் இல்லை. கூட்டம் நாலு மணிக்கு, சாக்கு கோடவுன் மாடியில். வெங்காய மண்டிக்காரர்தான் தலைவர். அவர் சுற்றிவளைக்கிற ஆள் இல்லை.

"கிராம், நேரா கேக்கறேன். மெஷின் வெச்சு ஏமாத்துனியா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். கிராம் எழுந்தார், நோட்டைத் தலைவர் முன்னால் வைத்தார், அதன் மேல் மடிப்பு விழுந்த தாளை வைத்தார்.

"மெஷின் வெக்கல. ஆனா தப்பு பண்ணியிருக்கேன். முந்நூத்தி நாப்பத்தெட்டு ரீடிங்ல ஒண்ணு எனக்குப் பிடிக்கல. கிழிச்சு ஒளிச்சு வெச்சுட்டேன். தராசுக்காரன் அதைப் பண்ணவே கூடாது. யாரும் கேக்கல, நானே சொல்றேன். இனிமே உங்க இஷ்டம்."

தாள் கைமாறிக் கைமாறிப் போனது. சுவரில் முட்டி நின்ற ஆள் யார் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரியும்; ஜெராக்ஸ் அங்கே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அல்லவா. கடைசி வரிசையிலிருந்து மீன்காரம்மா குரல் கொடுத்தார்:

"விளையாட்டுல போன பதினோரு பாயிண்ட்டை ஒளிச்சதுக்கே இவ்வளவு கூனிக்குறுகி நிக்கறானே, இவன் என் தராசுல கை வெப்பானா? நான் பேட்டரிக்காரன்கிட்ட கொடுக்க மாட்டேன்ப்பா."

"வீட்டுக்காரி சுவத்துல மாட்டிக்கிட்டு நின்னிருக்கா, இவன் பதினோரு பாயிண்ட் போச்சேன்னு எழுதிவெச்சிருக்கான் பாரு" என்றார் காய்கறிக்காரர். "இவன்கிட்ட தராசு மட்டும்தான் கொடுக்கலாம். வேற எதையும் கொடுக்கக் கூடாது."

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். அறுபத்திரண்டு தராசில் ஐம்பத்தெட்டு கிராமுக்கே. அப்போதுதான் கிராமின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜெராக்ஸ் பிடுங்கி உரக்கப் படித்தார்: "'ஆட்டம் 164 பரிசீலிக்கப்பட்டது. நீங்கள் மனிதர் என ஏற்கிறோம். ஏற்பட்ட சிரமத்துக்கு ஈடாக 50 புள்ளிகள் சேர்க்கப்பட்டுள்ளன.'"

எல்லாரும் கை தட்டினார்கள். கிராமின் முகம் கறுத்துவிட்டது.

"ஐம்பதா? யாரைக் கேட்டுச் சேர்த்தான்? தட்டுல விரலை வெச்சு அழுத்தற மாதிரி இல்ல இருக்கு! எடுக்கச் சொல்லுடா!"

எடுக்கச் சொல்லி ஏழு கடிதம் போனது. ஏழுக்கும் 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் கிராம் மறுபடி ஏழு பத்துக்கு உட்கார்ந்தார். பீப்பாய், ஏணி, ஜன்னல், மூன்று குண்டு, இருபது எண்ணிக்கை. 1187-க்குத் தகுந்த ஆட்கள் எதிரில் வந்தார்கள். அடித்துத் துவைத்தார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல், எண் இறங்கி இறங்கி, மூன்றாவது வாரம் 1137-இல் வந்து நின்றது. கள்ளத்தனமாக ஏற்றிய ஐம்பதைத் தானே துப்பிவிட்டது. கிராம் நோட்டில் எழுதினார்: 'தராசு சரி.' கீழே தன் கடை முத்திரையையும் குத்தினார். கம்பெனிக்கு இந்தச் செய்தி இன்றுவரை தெரியாது.

போன வாரம் மீன்காரம்மா தன் தராசைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அன்று ஆஸ்பத்திரி லீவு, மனைவியும் கடையில் உட்கார்ந்து 1640-க்குப் போராடிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, நடையைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டியாமே? துப்பாக்கியைப் போட்டுட்டு நாலு நிமிஷம் நின்னு அழுதியாமே? என் வீட்டுக்காரரும் இருக்காரே, நடுவீட்டுல நின்னாலே என்னை யாருன்னு கேப்பாரு."

மனைவி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் விரல் நின்றுவிட்டது. பதில் கேட்க அவருக்கும் ஆசைதான்.

கிராம் இடுக்கியால் இருநூறு கிராம் கல்லை எடுத்து மீன் தராசின் தட்டில் வைத்தார். எண் ஆடி அடங்கும் வரை பொறுத்தார்.

"நடையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அவ எங்க நடந்தா? சுவத்துல முட்டிக்கிட்டு நின்னா. யாருன்னே எனக்குத் தெரியாது. துப்பாக்கியைப் போடல, அழவும் இல்ல."

"அப்போ அந்த நாலு நிமிஷமாவது நெசம்தானே?"

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு."